இலக்கணம் வராது என்று யார் சொன்னது? புதுச்சேரிப் பள்ளிகளில் இலக்கணத்தைச் சோதித்த கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

நம் பழைய மாணவர் குழுவில் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறீர்கள். "ஏன்?" என்று கேட்டால் பாதிப் பேர் சொல்வது ஒரே பதில்: "டீச்சர், எனக்கு இலக்கணம் வராது. ஒற்று எங்க போடணும்னு தெரியாது. தப்பா எழுதி மானம் போறதுக்கு இதே பரவாயில்ல." இதைச் சொல்கிறவர்களில் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய் உண்டு, சொந்தமாகப் படகு வைத்திருப்பவர் உண்டு, பாரீசில் வேலை செய்கிறவர் உண்டு. ஐம்பது வயது நெருங்கியும் இந்தப் பயம் போகவில்லை. "இலக்கணம் வராது" என்ற இந்தத் தீர்ப்பை உங்களுக்கு எழுதியது தமிழ் அல்ல, தேர்வு. அந்தத் தேர்வு எப்போதும் ஒரே மாதிரி இருந்ததில்லை. நம் மண்ணில் இலக்கணத்தைச் சோதித்த முறை எத்தனை தடவை மாறியது, ஒவ்வொரு முறையும் எதை அளந்தது, எதை அளக்காமல் விட்டது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

நன்னூலிலிருந்து தொடங்குகிறேன். பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய அந்த நூல் எழுத்ததிகாரத்துக்கு முன்னால் ஒரு பாயிரம் வைத்திருக்கிறது. அதில் ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும், மாணவர் எத்தனை வகை, பாடம் கேட்கும் முறை என்ன என்பதெல்லாம் வருகிறது. மாணவர்களை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக் குடம், ஆடு, எருமை, பன்னாடை என்று உவமை சொல்லிப் பிரிக்கிறார். பாலை மட்டும் பிரித்து எடுக்கும் அன்னமும், கிடைத்ததை மேய்ந்து பிறகு நிதானமாக அசைபோடும் பசுவும் முதல் தரம். உழைத்த அளவுக்கு விளைவு தரும் மண்ணும், சொல்லித்தந்ததை மட்டும் திருப்பிச் சொல்லும் கிளியும் இடைத்தரம். மற்றவை கடைத்தரம்.

கிளி எங்கே இருக்கிறது பாருங்கள். ஒரு பிழை இல்லாமல் ஒப்பிக்கும் பிள்ளைக்கு அவர் முதலிடம் தரவில்லை. நாம் நடத்திய பெரும்பாலான தேர்வுகளில் கிளிதான் நூற்றுக்கு நூறு வாங்கியது.

அதே பாயிரத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் தேறும். கூடப் படிப்பவர்களோடு பழகினால் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும். எண்ணூறு வருடத்துக்கு முந்தைய இந்தக் கணக்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

அடுத்தது திண்ணைப் பள்ளிக்கூடம். மணலில் எழுத்து, ஓலையில் பாடம், வாயில் மனப்பாடம். இன்றைக்கு மனப்பாடத்தைக் கேலி செய்வது எளிது. அன்றைக்கு ஒரு ஊரில் நன்னூல் ஏடு ஒன்றோ இரண்டோதான் இருந்திருக்கும். நூல் பிள்ளையின் தலைக்குள் போகாவிட்டால் வேறெங்கும் இருக்காது. அதனால் சூத்திரம் தெரியுமா என்று சோதிப்பதும் புத்தகம் கையில் இருக்கிறதா என்று பார்ப்பதும் ஒன்றுதான். சூத்திரத்தைச் சொன்ன பிறகுதான் அதற்கு உரை, எடுத்துக்காட்டு, கேள்வி எல்லாம். முதல் படியாகத்தான் மனப்பாடம் இருந்தது. பிற்காலத்தில் அந்த முதல் படியையே கடைசிப் படியாக்கிவிட்டார்கள்.

அந்தத் திண்ணையில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருப்பான். வாத்தியார் வருமுன் மற்ற பிள்ளைகளின் பாடத்தைக் கேட்டு, தவறினால் திருத்துவது அவன் வேலை. சென்னையில் ஓர் ஆதரவற்றோர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், மணலில் எழுதும் பழக்கத்தை இங்கே பார்த்து எடுத்துக்கொண்டு, பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் முறையை அங்கே நடத்தினார். 1797இல் அதைப் புத்தகமாக்கினார். "மெட்ராஸ் முறை" என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் அது பரவியது. பவணந்தி சொன்ன மீதிப் பங்கு கப்பல் ஏறிப் போனது என்று நான் வகுப்பில் சொல்வேன், சிலருக்கு நினைவிருக்கும்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். 1674இல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் குடியேறினார்கள். அடுத்த நூற்றாண்டில் ஏறக்குறைய ஒரே காலத்தில் இரண்டு பேர் தமிழை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வீரமாமுனிவர் (1680–1747). இத்தாலியிலிருந்து வந்த இயேசு சபைப் பாதிரியார். அவர் செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும், மக்கள் பேசும் தமிழுக்குத் தனியாக ஓர் இலக்கணமும் லத்தீனில் எழுதினார். இரண்டாவதற்குப் பெயர் கொடுந்தமிழ் இலக்கணம். 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. புதிதாக வரும் பாதிரிமார்கள் கடைத்தெருவில் பேச வேண்டுமே, அதற்காக. காரணம் எதுவாக இருந்தாலும், பேச்சுத் தமிழுக்கும் விதிகள் உண்டு, அதையும் முறையாகக் கற்றுத்தான் ஆக வேண்டும் என்று அந்த வெளிநாட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தது.

மற்றவர் ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761), கவர்னர் துய்ப்ளேக்சின் துபாஷி. 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு இல்லாமல் அந்தக் காலத் தென்னிந்திய வரலாற்றை யாரும் எழுத முடியாது. அதன் தமிழ் எப்படி இருக்கும் தெரியுமா? பேச்சு வழக்கு அப்படியே இருக்கும். பிரெஞ்சு, போர்த்துக்கீசு, பாரசீகச் சொற்கள் கலந்திருக்கும். ஒரு வாக்கியம் தொடங்கினால் "வந்து, சொல்லி, கேட்டு, போய்" என்று பக்கத்தின் பாதிவரை ஓடும். அதில் ஒரு பக்கத்தை எடுத்துப் பெயர் சொல்லாமல் பத்தாம் வகுப்பு விடைத்தாள் கட்டில் சேர்த்து வைத்தால், திருத்துகிறவர் சிவப்பு மையால் நிரப்பிவிடுவார். ஆனாலும் படிக்கிறவருக்கு யார் வந்தார், யாரிடம் என்ன சொன்னார், எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்பதில் பெரிய குழப்பம் வராது. இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடிந்தவருக்கு இலக்கணம் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

19ஆம் நூற்றாண்டில் அச்சுப் புத்தகம் பரவியதும் தேர்வின் வடிவம் மாறியது. ஜி.யு. போப் தமிழ் இலக்கணத்தைக் கேள்வி பதிலாக எழுதினார். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) இலக்கணச் சுருக்கமும் இலக்கண வினாவிடையும் எழுதினார். எழுத்து என்றால் என்ன, அது எத்தனை வகைப்படும், அவை யாவை என்ற இந்த வரிசை உங்கள் எல்லோருக்கும் தெரியும். கிறிஸ்தவர்களின் ஞானோபதேச வினாவிடைப் புத்தகமும் இதே அமைப்புதான். இந்த முறையால் பெரிய நன்மை உண்டு. புலவர் வீட்டுத் திண்ணைக்குப் போக முடியாத பிள்ளைக்கும் நன்னூலின் சாரம் எளிய உரைநடையில் கிடைத்தது. நாவலரின் இலக்கணச் சுருக்கத்தை எடுத்துப் பார்த்துச் சந்தேகம் தீர்த்துக்கொள்ளும் தமிழாசிரியர்கள் இன்றும் உண்டு. ஆனால் வினாவும் விடையும் சேர்ந்தே அச்சானதால், அந்த வினாவுக்கு அந்த விடை மட்டுமே என்றாகிவிட்டது. பிள்ளை தன் சொந்த எடுத்துக்காட்டைச் சொல்ல அங்கே இடமில்லை.

அதே காலத்தில் நம் ஊரில் இன்னொரு சோதனை முறையும் வந்து இறங்கியது. 1826இல் இங்கே அரசு கொலேழ் தொடங்கினார்கள், அதுதான் பிறகு லிசே ஆனது. பிரெஞ்சுப் பள்ளி என்றால் "திக்தே", அதாவது சொல்வதெழுதுதல். பாரீசில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, உங்கள் பிள்ளைகள் இப்போதும் எழுதுகிறார்கள். பிரான்சில் தொடக்கக் கல்விச் சான்றிதழ்த் தேர்வில் ஒரு காலத்தில் திக்தேயில் ஐந்து பிழை என்றால் சுழி. அதோடு தேர்வு போயிற்று. அங்கே ஒரு கதை சொல்வார்கள். 1857இல் மூன்றாம் நெப்போலியனின் அரசவையில் எழுத்தாளர் மெரிமே ஒரு திக்தே வைத்தாராம். பேரரசருக்கு 75 பிழை, பேரரசிக்கு 62. நாவலாசிரியர் இளைய அலெக்சாந்தர் துய்மாவுக்கே 24. மிகக் குறைவாக மூன்று பிழையோடு எழுதியவர் யார் என்றால், ஆஸ்திரியாவின் தூதர், ஒரு வெளிநாட்டுக்காரர்! எண்ணிக்கை எவ்வளவு சரியோ, கதை ஒன்றைக் காட்டுகிறது. தாய்மொழியில் நாடாண்டவரும் நாவல் எழுதியவரும் திக்தேயில் தோற்கலாம்.

ஆனால் பிரெஞ்சில் திக்தே ஓர் உண்மையான இலக்கணச் சோதனை. காரணம் இதுதான். பிரெஞ்சில் வினைச்சொல்லின் பல வடிவங்கள் எழுத்தில் வேறு வேறு, காதுக்கு ஒன்றே. "நான் பாடுகிறேன்", "நீ பாடுகிறாய்", "அவர்கள் பாடுகிறார்கள்" மூன்றிலும் வினை ஒரே ஒலிதான், முடிவில் எழுதும் எழுத்து மட்டும் மாறும். பன்மைக்கு எழுதும் எழுத்தும் பெரும்பாலும் ஒலிக்காது. எழுவாய் எது, ஒருமையா பன்மையா என்று யோசித்தால்தான் சரியாக எழுத முடியும். அதனால் திக்தே வைத்தால் இலக்கணம் தெரிந்துவிடும்.

அதே கருவியைத் தமிழுக்குக் கொண்டுவந்தால் நிலைமை வேறு. தமிழில் பாடுகிறேன், பாடுகிறாய், பாடுகிறார்கள் என்று காதே சொல்லிவிடுகிறது. நம் சொல்வதெழுதலில் பிள்ளைகள் தடுமாறுவது ர, ற விலும் ன, ண விலும் ல, ள, ழ விலும்தான். இவற்றை நம் பக்கத்துப் பேச்சில் பெரும்பாலோர் பிரித்து ஒலிப்பதில்லை. ஆசிரியர் "பளம்" என்று சொன்னால் பிள்ளை அப்படியே எழுதும். அப்படிப் பார்த்தால் சொல்வதெழுதலில் பாதி மதிப்பெண் ஆசிரியரின் நாக்குக்குப் போக வேண்டியது! அது எழுத்துக்கூட்டுச் சோதனை, வேண்டியதுதான், நானும் வாரம் தவறாமல் வைத்தேன். ஆனால் அதில் குறைந்த மதிப்பெண் வாங்கிய பிள்ளையை "இலக்கணத்தில் மோசம்" என்று எழுதுவது கணக்கில் குறைந்தவனை ஓவியத்தில் மோசம் என்பது போல.

தமிழில் திக்தே இலக்கணமாக மாறும் ஓர் இடம் உண்டு. அது ஒற்று. "கீரை கடை" என்றால் மத்தை எடுத்துக் கீரையைக் கடையச் சொல்கிறோம். "கீரைக்கடை" என்றால் பெரிய மார்க்கெட்டில் இருக்கும் கடை. "வேலை கொடு" என்றால் பிழைக்க வழி கேட்கிறோம். "வேலைக் கொடு" என்றால் முருகன் கையில் இருப்பதைக் கேட்கிறோம். ஓர் ஒற்று பொருளை மாற்றுகிறது. இதைக் கேட்டு ரசிக்காத வகுப்பை நான் பார்த்ததில்லை. "வல்லினம் மிகும் இடங்கள் யாவை? ஐந்து எழுதுக" என்று கேட்டால் அதே வகுப்பு தலையைக் குனியும்.

"சரி", "பிழை" என்பவையும் கல்லில் செதுக்கியவை அல்ல. நெட்டெழுத்து ஏ, ஓ வுக்கு இன்று நாம் எழுதும் வடிவங்களை ஏற்படுத்தியவர் வீரமாமுனிவர் என்பார்கள். நான் பள்ளியில் லை, ணை, னை எழுத்துகளை மேலே யானைத் துதிக்கை போல வளைத்து எழுதினேன். 1978 அக்டோபரில் தமிழ்நாடு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது. அந்தத் துதிக்கை பாடப்புத்தகத்திலிருந்து போயிற்று. நேற்றுவரை சரியாக இருந்தது இன்று வழக்கொழிந்தது. இதைச் சொல்வது பிழையே இல்லை என்பதற்காக அல்ல. பிழைக்கும் ஒரு வரலாறு உண்டு, அதைக் கொண்டு ஒரு பிள்ளையின் மூளையை அளக்காதீர்கள் என்பதற்காக.

நம் ஊரின் தமிழாசிரியர்களில் பெரியவர் யார்? பாரதிதாசன். 1891இல் இங்கே பிறந்த கனகசுப்புரத்தினம், திண்ணைப் பள்ளியிலும் கல்வே கல்லூரியிலும் தமிழ் படித்து, 1909இல் காரைக்கால் பக்கத்து நிரவியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். 1946இல் ஓய்வுபெறும் வரை 37 ஆண்டுகள் பிரெஞ்சு அரசின் பள்ளிகளில் வேலை. பழைய முறையில் இலக்கணம் கற்றவர், புதிய முறைப் பள்ளியில் கற்பித்தவர். எழுத வந்தபோது தெருவில் நடக்கிறவனுக்குப் புரியும் தமிழில்தான் எழுதினார். அவரைப் புரட்சிக் கவிஞராகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு அவர் முதலில் எங்கள் தொழில்காரர்.

1954 நவம்பர் 1ஆம் தேதி புதுச்சேரி இந்திய நிர்வாகத்துக்கு வந்தது, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி முழுமையாக இணைந்தது. நம் பள்ளிகள் சென்னை மாநிலத்தின் பாடத்திட்டத்தோடு சேர்ந்தன. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடநூல், மாகே கேரளத்துடையது, ஏனாம் ஆந்திரத்துடையது. பொதுத்தேர்வு என்ற பெரிய இயந்திரத்துக்குள் இலக்கணம் நுழைந்தது அப்போதுதான்.

லட்சக்கணக்கான விடைத்தாள்களைச் சில வாரங்களில் திருத்த வேண்டும். யார் திருத்தினாலும் ஒரே மதிப்பெண் வர வேண்டும். அதற்கு ஏற்ற கேள்விதான் வினாத்தாளில் நிலைக்கும். இலக்கணக் குறிப்பு தருக, பிரித்து எழுதுக, புணர்ச்சி விதி கூறுக, பகுபத உறுப்பிலக்கணம் தருக. எல்லாவற்றுக்கும் ஒரே விடை, திருத்த எளிது. "படித்தான்" என்ற சொல்லை படி, த், த், ஆன் என்று பிரித்து, பகுதி, சந்தி, இடைநிலை, விகுதி என்று எழுதப் பிள்ளைகள் பழகிக்கொண்டார்கள். இப்படிப் பிரிப்பது உண்மையில் அழகான வேலை. ஒரு சொல்லுக்குள் செயல் எது, காலம் எது, ஆள் எது என்று திறந்து காட்டுகிறது. ஆனால் பல பிள்ளைகள் அதை வாய்பாடாகத்தான் எழுதினார்கள். முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளையிடம் "ஆன் எடுத்துட்டு ஆள் போட்டா யார் படிச்சது?" என்று கேட்டால் சிலர் விழிப்பார்கள். கேள்வித்தாளில் அந்தக் கேள்வி இல்லையே!

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு வேறு மாதிரிதான் சொல்லித்தந்தார்கள். அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் 1956இல் கற்றலின் நோக்கங்களைப் படிப்படியாகப் பிரித்தார். 1950களின் பிற்பகுதியில் அவரே இந்தியாவுக்கு வந்து தேர்வுச் சீர்திருத்தப் பயிலரங்குகள் நடத்தினார். அதன் விளைவாக அறிதல், புரிதல், பயன்படுத்தல், திறன் என்று நான்கு பத்தி போட்டு, எதற்கு எத்தனை மதிப்பெண் என்று கட்டம் வரைந்து வினாத்தாள் தயாரிப்போம். புளூபிரிண்ட் என்போம். கட்டத்தில் நான்கும் அழகாக இருக்கும். வினாத்தாளில் வரும்போது இலக்கணம் மட்டும் எப்படியோ "அறிதல்" பத்திக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும்.

2012–13இல் தமிழ்நாடு முப்பருவ முறையைக் கொண்டுவந்தது. வளரறி மதிப்பீடு 40, தொகுத்தறி மதிப்பீடு 60. வகுப்பறையிலேயே, செயல்பாடுகள் வழியாக, தொடர்ந்து மதிப்பிட வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். இலக்கணத்தை விளையாட்டாகவும் உரையாடலாகவும் சோதிக்க முதல்முறையாக மதிப்பெண் ஏட்டில் இடம் கிடைத்தது. ஆனால் பல இடங்களில் செயல்பாடு என்பது சார்ட் ஒட்டுவதாகவும், மதிப்பீடு என்பது ஏட்டை நிரப்புவதாகவும் குறுகியது. இப்போது நம் அரசுப் பள்ளிகள் மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. பலவுள் தெரிக வகை வினாக்கள் கூடிக்கொண்டே போகின்றன. நான்கு விடையில் ஒன்றைத் தேர்வு செய்யும் பிள்ளை தன் கையால் ஒரு வாக்கியம்கூட எழுதாமல் இலக்கணத்தில் மதிப்பெண் வாங்கிவிடலாம்.

இத்தனை சோதனைகளும் அளக்காமல் விட்டது எது? குருசுக்குப்பத்துப் பிள்ளைகளை வைத்தே சொல்கிறேன்.

வினையெச்சம் என்றால் என்ன என்று கேட்டால் வாய் திறக்காத ஒரு பிள்ளை. நான்காம் வகுப்பு. "நேத்து அப்பா என்ன செஞ்சாரு?" என்று கேட்டேன். ஒரே மூச்சில் சொன்னாள்: "அப்பா விடிகாலைல எழுந்து, வலைய தோள்ல போட்டு, கட்டுமரத்த தள்ளி, அலைய தாண்டி, மீன புடிச்சி, கரைக்கு வந்து, ஏலம் வுட்டு, வூட்டுக்கு வந்து தூங்கிடுச்சு டீச்சர்." எண்ணிப் பாருங்கள், எட்டு வினையெச்சம். எட்டும் ஒரே எழுவாயைத் தாங்கி, கடைசியில் ஒரு வினைமுற்றில் போய் நிற்கின்றன. "செய்து" என்னும் வாய்பாட்டு எச்சம் தன் எழுவாயின் வினையைக் கொண்டுதான் முடியும் என்று இலக்கணம் சொல்கிறது. "புயல் வந்தா என்ன பண்ணுவாரு?" என்றேன். "புயல் வந்தா அப்பா போவாது." எழுவாய் வேறு ஆனதும் எச்சத்தை "செயின்" வாய்பாட்டுக்கு மாற்றிவிட்டாள். யார் சொல்லித்தந்தது?

"அப்பா தூங்கிடுச்சு" என்பது தவறுதானே, உயர்திணைக்கு அஃறிணை முடிவு வரலாமா என்று கேட்பீர்கள். எழுத்துத் தமிழில் "தூங்கிவிட்டார்" என்றுதான் எழுத வேண்டும், அதைக் கற்றுத்தந்தேன். ஆனால் மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு என்ற ஐந்து காரணங்களால் திணையும் பாலும் மாறி வந்தாலும் அது இயல்புதான் என்று நன்னூல் இடம் கொடுக்கிறது. வழுவமைதி என்று படித்தீர்களே, அதுதான். நம் குப்பத்தில் அப்பாவையும் அம்மாவையும் "வந்துச்சு, போச்சு" என்று சொல்வது அன்பினால். அந்தப் பிள்ளையின் பேச்சு வழுவா வழுவமைதியா என்று பவணந்தியிடம் கேட்டால் என்ன சொல்வார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

இன்னொன்று. "பிடித்து" நம் வாயில் "புடிச்சி" ஆகிறது. "அடித்து" "அடிச்சு" ஆகிறது. "வைத்து" "வச்சு" ஆகிறது. ஆனால் "கொடுத்து" "குடுத்து" என்றே நிற்கிறது, "குடுச்சு" ஆவதில்லை. "படித்து" "படிச்சு" ஆகும், "படுத்து" ஒருபோதும் "படுச்சு" ஆகாது. ஏன்? முன்னால் இகரமோ ஐகாரமோ இருந்தால் மட்டுமே இந்த மாற்றம். அதே போலத்தான் "ஐந்து" "அஞ்சு" ஆகிறது, "காய்ந்து" "காஞ்சு" ஆகிறது. மூன்று வயதுப் பிள்ளைகூட இதில் தடுமாறாது. ஐகாரத்துக்கும் யகரத்துக்கும் பின்னால் ந வர வேண்டிய இடத்தில் சிலபோது ஞ வரும் என்று சொல்வாரும் உண்டு என நன்னூல் குறித்து வைத்திருக்கிறது. ஆக, இதன் ஒரு கிளையை அன்றே கவனித்திருக்கிறார்கள். இதைச் "கொச்சை" என்று ஒரு சொல்லில் தள்ளிவிட்டோம்.

ஒருமுறை பள்ளியைப் பார்வையிட வந்த ஓர் அதிகாரி (பெயர் வேண்டாம்) எங்கள் பிள்ளைகளிடம் இலக்கண வரையறை கேட்டுவிட்டு, "கடற்கரைப் பிள்ளைகளுக்கு மொழி வராது" என்று அவர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பிள்ளைகளின் முகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மொழி வராத பிள்ளைகளா அவர்கள்? வாடை, கொண்டல், கச்சான், சோளகம் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் சொல்லும் பிள்ளைகள்! அவர்களில் சிலர் எட்டாவதோடு நின்றுபோனார்கள். காரணம் அந்த ஒரு சொல் மட்டும் என்று சொல்லமாட்டேன், வீட்டு நிலைமையும் இருந்தது. ஆனால் "உனக்கு வராது" என்பதைத் திரும்பத் திரும்பக் கேட்ட பிள்ளைக்குப் பள்ளியை விட்டு நிற்பது சுலபமாகிவிடுகிறது.

மக்கள் வாயில் இருப்பதற்கு இலக்கணம் இல்லை என்ற எண்ணத்தை உடைத்த ஒருவர் நம் மண்ணிலேயே இருந்தார். கூடப்பாக்கத்தில் 1929இல் பிறந்த முனைவர் இரா. திருமுருகன். ஒற்றுப்பிழையைக் கண்டால் விடாத கண்டிப்பான இலக்கணக்காரர். அவர்தான் சிந்துப் பாடல்களின் யாப்பை ஆராய்ந்து, அவற்றுக்கும் ஒழுங்கான இலக்கணம் உண்டு என்று நிறுவினார். காவடிச் சிந்தும் நொண்டிச் சிந்தும் ஜனங்கள் பாடுகிற பாட்டுதானே என்று அவர் ஒதுக்கவில்லை, உட்கார்ந்து கணக்கெடுத்தார். கண்டிப்பும் இந்த மரியாதையும் ஒருவரிடம் சேர்ந்து இருக்க முடியும் என்பதற்கு அவரே சாட்சி.

நான் இலக்கணமே வேண்டாம் என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எழுத்துத் தமிழ் கட்டாயம் வேண்டும். மனு எழுத, ஒப்பந்தம் படிக்க, அயலூர்த் தமிழருக்குப் புரிய, பழைய நூலைத் தொட, அது இல்லாமல் முடியாது. வீட்டில் யாரும் சொல்லித்தர முடியாத பிள்ளைக்குத்தான் அதைப் பள்ளி கூடுதலாகத் தர வேண்டும். நான் கேட்பது ஒன்றுதான். பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கும் இலக்கணத்தை முதலில் அளந்து பார்த்துவிட்டு, அதற்கு மேல் கட்டுங்கள்.

அமெரிக்காவில் 1963இல் எழுத்துப் பயிற்சி பற்றிய ஆராய்ச்சிகளையெல்லாம் தொகுத்து ஓர் அறிக்கை வந்தது. இலக்கண வரையறைகளைத் தனிப்பாடமாக நடத்துவதால் பிள்ளைகளின் எழுத்து மேம்படுவதாகத் தெரியவில்லை, எழுதிப் பழகும் நேரத்தை அது விழுங்கிவிடுவதால் தீமையும் உண்டு என்றார்கள். 2007இல் கிரகாம், பெரின் என்ற இருவர் மறுபடி தொகுத்தபோது, சிறு வாக்கியங்களை இணைத்துப் பெரிய வாக்கியமாக்கும் பயிற்சி பலன் தருவதாகக் கண்டார்கள். அது ஆங்கிலத்துக்குச் சொன்னது. ஆனால் தனிவாக்கியம், தொடர்வாக்கியம், கலவை வாக்கியம் என்று நம் பாடநூலிலேயே இந்தப் பயிற்சி நெடுங்காலமாக இருக்கிறது. ஒன்றிரண்டு மதிப்பெண் வினாவாக ஓரத்தில் கிடக்கிறது. எச்சங்களால் வாக்கியம் கோப்பது தமிழின் இயல்பு. ஆனந்தரங்கப் பிள்ளைக்கும் அந்த நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் கைவந்த வேலை அது.

வீட்டில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருப்பவர்களுக்கும், ஆசிரியர்களாகியிருக்கும் என் மாணவர்களுக்கும் சொல்கிறேன். என் அனுபவத்தில் இலக்கணத்தைச் சோதிக்க மூன்று கேள்வி போதும்.

முதலாவது, மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். "அவன் நேற்று வந்தான்" என்பதை "அவர்கள் நாளை" என்று தொடங்கச் சொல்லுங்கள். காலமும் பாலும் எண்ணும் தெரிகிறதா என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

இரண்டாவது, இணைக்கச் சொல்லுங்கள். ஐந்து சிறு வாக்கியம் கொடுத்து ஒன்றாக்கச் சொல்லுங்கள். எங்கே "து", எங்கே "ஆல்", எங்கே "உம்" என்று பிள்ளை யோசிப்பதைப் பார்க்கலாம்.

மூன்றாவது, இன்னொரு பிள்ளைக்கு விளக்கச் சொல்லுங்கள். "கீரைக்கடையில ஏன் க் வந்துச்சு?" என்று தம்பி கேட்டால் அக்கா தன் சொல்லில் சொல்லட்டும். வரையறை பிசகினாலும் பரவாயில்லை. பவணந்தி சொன்ன அரைப் பங்கு இங்கேதான் இருக்கிறது. கிளிக்கும் அன்னத்துக்கும் வித்தியாசம் தெரியும் இடமும் இதுதான்.

திருத்தும்போது ஒரு வாரத்துக்கு ஒரு வகைப் பிழை மட்டும் திருத்துங்கள். இந்த வாரம் ஒற்று என்றால் ஒற்று மட்டும். பக்கம் முழுவதும் சிவப்பாக இருந்தால் பிள்ளை எதைப் பார்க்கும்? நோட்டை மூடி வைத்துவிடும், நீங்கள் மூடி வைத்தது போல.

இனி உங்களுக்கு வீட்டுப்பாடம். நம் ஊர்ப் பெயரில் இருக்கும் "குருசு" என்ற சொல் போர்த்துக்கீசிலிருந்து தமிழுக்கு வந்தது. சாவி, ஜன்னல், மேசை, அலமாரி எல்லாம் அதே கப்பலில் வந்தவை. இலக்கணத்தில் இப்படிப்பட்ட சொல்லுக்கு என்ன பெயர் என்று நினைவிருப்பவர்கள் சொல்லுங்கள். நினைவில்லாதவர்கள் அதற்குப் பதிலாக, உங்கள் வீட்டில் பாட்டி தாத்தா பேசிய ஒரு பிரெஞ்சுச் சொல்லையோ கடற்கரைச் சொல்லையோ எழுதி, அதை வைத்து ஒரு வாக்கியம் அமையுங்கள். இரண்டுக்கும் ஒரே மதிப்பெண்தான்.

தமிழ் எழுத்தில் எழுத வேண்டும், அது ஒன்றே நிபந்தனை. சிவப்புப் பேனா என்னிடம் இப்போது இல்லை.